வெல்லத்தில் கலந்த அஸ்கா



இவ்வாரத் தியானத்திற்குரிய பகுதிகள்: 2 இராஜாக்கள் 5:15–27, கலாத்தியர் 2:11–14. வேதாகமத்தைத் திறந்து இரண்டையும் வாசித்துவிட்டு மேலே தொடரும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். வாசிக்காமல் தொடருகிறவர்களுக்கு இடையில் என் மேல் கோபம் வரலாம். வாசித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் குறைந்தபட்சம் பவுலின் மேலும் கோபப்பட வேண்டியிருக்கும்.

பரமத்திவேலூர்ப் பக்கத்தில் கரும்பாலைக் கொட்டகை வைத்திருக்கும் ஒரு விசுவாசியின் வீட்டிற்குச் சில மாதங்களுக்கு முன் ஜெபத்திற்காகச் சென்றிருந்தேன். கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. வேறு சாமான் எதுவும் சேர்க்காமல் சாற்றை மட்டும் காய்ச்சினால் வெல்லம் கறுத்த நிறத்தில்தான் வரும் என்றும், பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வரும் வியாபாரிகள் அதற்கு விலை குறைத்துக் கேட்கிறார்கள் என்றும் அவர் வருத்தத்தோடு சொன்னார். பொன்னிறமாகப் பளபளக்கும் வெல்லத்திற்குத்தான் கிராக்கி. அதற்காகவே பாகு கொதிக்கும்போது மூட்டை மூட்டையாக அஸ்காவைக் கொட்டுகிறார்கள், வெளுக்கும் ரசாயனத்தையும் சேர்க்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையினர் வந்து பறிமுதல் செய்த செய்திகளை நீங்களும் நாளிதழ்களில் வாசித்திருப்பீர்கள். அவர் தம் ஆலையில் அப்படிச் செய்வதில்லை. ஆனால் அக்கம்பக்கத்து ஆலைக்காரர் ஒருவர் தமக்குச் சொன்ன நியாயத்தை என்னிடம் சொன்னார்: “அஸ்கா என்ன விஷமா? அதுவும் கரும்பிலிருந்து வந்ததுதானே?”

அந்த நியாயத்தை நான் அதன்பின் மறக்கவேயில்லை. ஏனென்றால் அடுத்த வாரமே அதைச் சமய மொழியில் கேட்க நேர்ந்தது.

நம் சபையின் கமிட்டியில் இருக்கும் ஒரு பெரியவர் தம் மகனை என்னிடம் அழைத்துவந்தார். மகன் பெங்களூரில் கணினித் துறையில் வேலை செய்கிறவர். விடுமுறையில் வந்தவருடைய அறையில் கீதையும், ரூமியின் கவிதைத் தொகுப்பும், ஒரு சிறிய புத்தர் சிலையும் இருந்ததைத் தகப்பனார் கண்டுவிட்டார். “ஐயா, இவன் பின்மாற்றக்காரனாகிவிட்டான். எல்லா மதத்தையும் போட்டுக் கலக்குகிறான். நீங்கள்தான் இவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்” என்று என் முன்னால் உட்காரவைத்துவிட்டுத் தாமும் உட்கார்ந்துகொண்டார்.

அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “நான் இயேசுவை விடவில்லை ஐயா. மலைப் பிரசங்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். தியானத்தைப் புத்தரிடமிருந்தும், கர்மாவைக் கீதையிலிருந்தும், அன்பைச் சூஃபிகளிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவைதானே?”

எல்லாம் ஒரே கரும்பு.

பிரியமானவர்களே, முதலாவது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிற சமயத்தாரின் நூல்களை வாசிப்பது பாவம் என்று நான் நம்பவில்லை. அன்று சேலமும் அடங்கியிருந்த கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, ஆக்ஸ்போர்டில் தம் ஆய்விற்கு எடுத்துக்கொண்ட பொருளே தமிழ் பக்தி மரபையும் யோவான் சுவிசேஷத்தையும் சேர்த்து வாசிப்பதுதான். ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் இராமானுசரையும் அவர் வாழ்நாள் முழுவதும் வாசித்தார். அதனால் அவருடைய விசுவாசம் கரைந்துபோகவில்லை. யோவானை அவர் இன்னும் ஆழமாகக் கண்டார். தேடுகிற மனிதனைக் கண்டு பயப்படுகிற சபை, தான் கண்டடைந்ததைக் குறித்தே சந்தேகத்தில் இருக்கிறது என்று பொருள்.

தேடுவதற்கு விலை கொடுத்தவர்களையும் நான் மதிக்கிறேன். நம் மோகனூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் அதே காவிரி, கீழே குளித்தலைக்கு அருகில் தண்ணீர்பள்ளியைக் கடக்கிறது. அங்கேதான் 1950-ல் மோன்சனின், ஹென்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருமார் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, குடிசையில் வாழ்ந்தார்கள். இருவரும் ஒரே வாசல் வழியாக உள்ளே சென்றவர்கள். ஆனால் ஒரே இடத்தில் நிற்கவில்லை. திருவண்ணாமலையில் ரமணரின் சந்நிதியிலும் மலைக் குகைகளிலும் அத்வைத அனுபவத்தில் மூழ்கிய லெ சோ, அபிஷிக்தானந்தராகி, அந்த அனுபவத்திற்கும் தாம் அன்றாடம் நிறைவேற்றிய நற்கருணைக்கும் இடையே பல்லாண்டுகள் கிழிபட்டார். மோன்சனினோ, திரித்துவ விசுவாசமும் அத்வைதமும் ஒன்றுக்கொன்று இசைந்துபோகுமா என்ற கேள்வியில் தயங்கி நின்றுவிட்டார். மோன்சனின் 1957-ல் மறைந்தார். லெ சோ 1968-ல் இமயத்திற்கே போய்விட்டார். அவருக்குப் பின் ஆசிரமப் பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸ் 1993-ல் மறையும் வரை அங்கேயே இருந்தார். அவர்கள் சென்ற வழியை நான் ஏற்கவில்லை. சிலுவையின் நடுவில் ஓம் எழுதுவதை என் மனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எல்லாம் ஒன்றுதான் என்று அவர்கள் இலகுவாகச் சொல்லிவிடவில்லை. ஒன்றா, இரண்டா என்ற கேள்வி லெ சோவின் உறக்கத்தைக் கெடுத்தது. நம் காலத்தில் அந்தக் கேள்வி யாருடைய உறக்கத்தையும் கெடுப்பதில்லை. கைப்பேசியில் நாளுக்கொரு பொன்மொழியாக வந்து போகிறது.

இதைத்தான் தம்பியிடம் சொன்னேன். வினைப்பயன் என்பது, செய்தவனே அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்கிறது. சுவிசேஷமோ, செய்யாத ஒருவர் எனக்காகச் சுமந்து தீர்த்தார் என்கிறது. இஸ்லாமியப் பெரியோர், இயேசு சிலுவையில் அறையப்படவே இல்லை என்று கற்பிக்கிறார்கள். புத்தரோ, படைத்தவரைப் பற்றிய கேள்வியே இல்லாமல் துக்க நிவாரணத்தைப் போதிக்கிறார். இவை ஒவ்வொன்றும் கனமான சொற்கள். இவற்றிற்காக மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள், மரித்திருக்கிறார்கள். இவை எல்லாம் ஒன்றே என்று சொல்வது நால்வரையும் மதிப்பதாகாது. நால்வரில் ஒருவர் பேச்சையும் முழுவதும் கேட்கவில்லை என்பதே அதன் பொருள். ஓர் உண்மையான முஸ்லிமும் ஓர் உண்மையான சைவரும் நானும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, “நீங்கள் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல” என்று அன்போடு பேசிக்கொள்ள முடியும். பொறுக்கி எடுக்கிறவரோடு அப்படிப் பேச இயலாது. இந்த நால்வரில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்ப்பளிப்பவர் யார்? அவரே. ஆக, நான்கு பீடங்களுக்கும் மேலே ஐந்தாவது பீடம் ஒன்று எழும்பிவிட்டது. அதில் அவரே உட்கார்ந்திருக்கிறார்.

தம்பி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தகப்பனார் திருப்தியாய்த் தலையசைத்தார். நானும் நன்றாகப் பேசிவிட்ட நிறைவோடு ஜெபித்து அனுப்பிவைத்தேன்.

இத்தோடு இந்தக் கட்டுரை முடிந்திருந்தால் உங்களில் பலர் இதை வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

கதை நானூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நம் சமவெளியில் சுவிசேஷம் முதலில் எப்படி வந்தது என்று கேட்டால், 1827-ல் சேலத்திற்கு வந்த இலண்டன் மிஷனரி ஹென்றி கிறிஸ்பின் பெயரைத்தான் நம்மவர்கள் சொல்வார்கள். அவருக்கு இருநூறு ஆண்டுகள் முன்னதாகவே, 1623-ல், இத்தாலியரான இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலத்திற்கும் அங்கிருந்து சேலத்திற்கும் வந்தார். மோரமங்கலத்திலும் அவருடைய மிஷன் வேரூன்றியது. இன்று நாம் பேருந்தில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வழி.

அவரைப் பற்றி இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. காவி உடை, குடுமி, பூணூல், சந்தனம் இவற்றையெல்லாம் ஏற்று, சந்நியாசியாக வாழ்ந்து, “நான் பறங்கி அல்ல” என்று அறிவித்தவர். கிறிஸ்துவத்தையும் இந்து சமயத்தையும் கலக்கிறார் என்று அவர் சபைக்குள்ளேயே குற்றச்சாட்டு எழுந்து, கோவா வரைக்கும் ரோம் வரைக்கும் போயிற்று. ஆனால் அவருடைய நூல்களைத் திறந்து பாருங்கள். மறுபிறப்புக் கொள்கையை மறுத்துப் ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்று தனி நூலே எழுதியிருக்கிறார். உபதேசத்தில் அவர் ஒரு பிடி அஸ்காவையும் சேர்க்கவில்லை என்றே சொல்வேன். குடுமியும் சந்தனமும் வெறும் சமுதாய வழக்கம், வழிபாடு அல்ல, ஆகவே கிறிஸ்தவன் வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடினார். அதில் நியாயமும் இருக்கிறது. நாம் மட்டும் கோட்டும் டையும் அணிந்து மணமேடை ஏறவில்லையா? அது எந்தச் சுவிசேஷத்தில் எழுதியிருக்கிறது?

எங்கே தவறினார்? சமுதாய வழக்கம் என்ற அதே பையில் சாதியையும் போட்டுக்கொண்டார். மதுரையில் ஏற்கெனவே இருந்த பரதவக் கிறிஸ்தவர்களின் கோவிலோடு சேராமல், உயர்சாதியாருக்கென்று தனிக் கோவில் கட்டினார். பிற்பாடு, 1640 முதல், ஒடுக்கப்பட்டோரிடம் செல்வதற்கென்றே பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருமார் ஏற்பட்டார்கள். உயர்ந்தோருக்கு ஒரு மேய்ப்பன், தாழ்ந்தோருக்கு ஒரு மேய்ப்பன். ஆட்டுக்குட்டியானவர் மட்டும் ஒருவரே.

வியப்பானது இதுதான். 1623 ஜனவரி 31-ஆம் தேதி, நோபிலி சேலத்திற்குப் புறப்பட்ட அதே ஆண்டில், போப் பதினைந்தாம் கிரகோரி அவருடைய முறைகளை நிபந்தனைகளோடு அனுமதித்து ஒரு ஆணை வெளியிட்டார். பூணூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்திற்கும் அனுமதி கிடைத்தது. அதே ஆணையின் இறுதியில் போப் மன்றாடிக் கேட்டுக்கொண்டது ஒன்று உண்டு: பிறப்பால் தங்களை உயர்ந்தோராக எண்ணுகிறவர்கள் எளியோரை அவமதிக்கலாகாது, சிறப்பாகக் கோவிலில் அவர்களைவிட்டுப் பிரிந்திருந்து வசனம் கேட்பதும் திருவருட்சாதனங்களைப் பெறுவதும் கூடாது என்பது. அனுமதித்த பகுதி உடனே கைக்கொள்ளப்பட்டது. மன்றாடிய பகுதி? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டது 1910-ல்.

ரோமச் சபையாரின் கதை என்று நாம் கையைக் கழுவிவிட முடியாது. 1833-ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நம் சீர்திருத்தச் சபையார் கூட்டங்கூட்டமாக எழுந்து வெளியே போனார்கள். ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதைவிட ஆலயத்தை விட்டுவிடுவது அவர்களுக்கு எளிதாயிருந்தது.

இப்போது நம் சபைக்குத் திரும்புகிறேன்.

தம்பி வந்துபோன மூன்றாம் மாதம் அதே தகப்பனார் மீண்டும் வந்தார். இம்முறை மகளின் திருமண விஷயம். பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மணமகன் ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறவர், நல்ல வேலையில் இருக்கிறவர், பெண்ணுக்கும் சம்மதம். “பையன் நல்ல விசுவாசிதான் ஐயா. ஆனால் நம்ம ஆட்கள் இல்லை. நீங்களே அவர்கள் வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்” என்றார்.

நான் சொன்னேன். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். “கர்த்தருடைய சித்தம் வேறாக இருக்கிறது போலும்” என்ற வார்த்தைகளைப் பயன்படுத்தி, அந்த இளைஞனின் தாயாரிடம் தொலைபேசியில் பக்குவமாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “சரிங்க ஐயா” என்று மட்டும் சொன்னார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கியது.

அன்றிரவே பெங்களூரிலிருந்து மகன் அழைத்தார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். “ஐயா, அன்றைக்கு என்னிடம், வினைப்பயனையும் சிலுவையையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது என்றீர்கள். பிறப்பினால் ஒருவன் கீழே, ஒருவன் மேலே என்று என் அப்பா நம்புகிறாரே, அது எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது? நான் புத்தகத்தில் கலந்தேன். அவர் இரத்தத்தில் கலந்திருக்கிறார். எனக்குப் புத்தி சொல்ல இரண்டு மணி நேரம் கொடுத்தீர்களே, அவருக்கு எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள்?”

பதில் சொல்ல முடியவில்லை.

சாதியை நாம் பழக்கம் என்கிறோம், குடும்ப மரபு என்கிறோம், “ஊரோடு ஒத்து வாழ்” என்கிறோம். அது பழக்கம் அல்ல. அது ஒரு விசுவாசப் பிரமாணம். மனிதனுடைய தூய்மை அவன் பிறப்பில் இருக்கிறது என்றும், அதை எந்தத் தண்ணீரும் மாற்றாது என்றும் அது அறிக்கையிடுகிறது. ஞானஸ்நானமோ, தண்ணீரினாலும் ஆவியினாலும் மனிதன் மறுபடியும் பிறக்கிறான் என்கிறது. இவ்விரண்டையும் ஒரே மனிதன் ஒரே நேரத்தில் நம்ப முடியாது. முடியும் என்று நாம் நானூறு ஆண்டுகளாக நிரூபித்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக விசுவாசத்திற்குள் வந்த ஒரு சகோதரியின் வாசலில் கோலத்தைக் கண்டால் கண்டிக்கிறோம். நெற்றியில் பொட்டைக் கண்டால் மூப்பர் கூட்டத்தில் பேசுகிறோம். லாரியின் முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கினால் பிரசங்கத்தில் இடம்பெறுகிறது. ஓட்டுநர்கள் நிறைந்த நாமக்கல்லில் அது நல்ல பிரசங்க விஷயம்தான், நானே பலமுறை பேசியிருக்கிறேன். நம் திருமணத் தகவல் பதிவேட்டில் ‘இனம்’ என்றொரு கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றி யார் பேசினோம்?

அந்தியோகியாவில் பேதுரு எந்த விக்கிரகத்தையும் வணங்கவில்லை. யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன், புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பந்தியைவிட்டு மெல்ல விலகிக்கொண்டார், அவ்வளவே. ஒரு வார்த்தையும் தவறாகப் போதிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் உட்கார்ந்தார். பர்னபாவும் அவரோடு இழுப்புண்டு போனார். அதற்குத்தான் பவுல் எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு முகம், அவரை எதிர்த்து நின்றார்; சுவிசேஷத்தின் சத்தியமே அந்தச் சாப்பாட்டுப் பந்தியில் அடங்கியிருக்கிறது என்று கண்டார். பக்குவமாகத் தொலைபேசியில் சொல்லியனுப்பவில்லை.

நாகமானையும் கேயாசியையும் ஒன்றாக வாசிக்கச் சொன்னது இதற்காகவே. நாகமான் புதிதாய் விசுவாசித்தவன், சீரியாவுக்குத் திரும்பிப்போக வேண்டியவன். தன் எஜமான் தன் கையின்மேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் குனிய நேரிடும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். இரண்டு கோவேறு கழுதை சுமக்கத்தக்க மண்ணையும் கேட்கிறான். இறையியல் கல்லூரித் தேர்வில் அவன் தேறியிருக்க மாட்டான். எலிசாவோ அவனைச் சமாதானத்தோடே அனுப்பிவைத்தார். நம் சபையில் கணவனுக்கும் மாமியாருக்கும் பயந்து வீட்டில் விளக்கேற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பின்வாசல் வழியாக வந்து உட்காருகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருவிருந்துக்கு முன்பு கேள்வி கேட்கத் துடிக்கிறவர்கள் அந்தப் பகுதியை இன்னொருமுறை வாசிக்கட்டும்.

எலிசாவின் கடுமை யார்மேல் விழுந்தது? தீர்க்கதரிசியின் வீட்டிலேயே இருந்த கேயாசியின்மேல். அவன் எந்த அந்நிய தெய்வத்திடமும் போகவில்லை. கர்த்தருடைய நாமத்தைச் சொல்லி ஆணையிட்டுக்கொண்டேதான் நாகமானின் பின்னே ஓடினான். இரண்டு தாலந்து வெள்ளியையும் இரண்டு மாற்று வஸ்திரங்களையும் வாங்கி வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல் எஜமானின் முன்னால் வந்து நின்றான். நாகமானைவிட்டு நீங்கிய குஷ்டம் அவனைப் பிடித்தது.

அந்தத் தம்பியின் வழி சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவரிடம் அன்று சொன்ன ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறவில்லை. ஐந்தாம் பீடத்தைவிட்டு அவர் இறங்க வேண்டும் என்றே இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் ஆலைக்கொட்டகையில் அஸ்கா மூட்டையை வெளியூரார் வந்து கொட்டுவதில்லை. ஆலைக்காரரே, சந்தையில் நல்ல நிறம் கேட்கிறார்கள் என்பதற்காக, தம் கையாலேயே கொட்டுகிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை திருமணத் தகவல் பதிவேட்டை எடுத்து, ‘இனம்’ என்ற கட்டத்தின் குறுக்கே, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, என் கைப்பட மையினால் கோடிட்டுவிட்டேன். கமிட்டியின் அனுமதியின்றிச் செய்தது ஒழுங்கீனம் என்று செயலாளர் கடிதம் தந்திருக்கிறார். அவர் சொல்வது சட்டப்படி சரியே. வரும் கூட்டத்தில் அதற்குப் பதிலளிப்பேன். பக்கத்து ஊருக்குச் சென்று அந்த அம்மாளைச் சந்தித்து, கர்த்தருடைய சித்தம் என்று நான் சொன்னது பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குக் காபி கொடுத்தார். அந்த விஷயத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

தகப்பனார் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக ஆராதனைக்கு வரவில்லை. வியாழக்கிழமை மாலை அவர் வீட்டிற்குப் போகிறேன். தாமும் பெங்களூரிலிருந்து வருவதாக மகன் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்